நம்ம நிலம்தானே

கோயாம், சிலோவே தீவு
14 மார்ச் 1994

அன்புள்ள ஒதிலியாவுக்கு,

அண்ணி எர்மெலிந்தா எழுதுகிறேன். மழை, முழங்கால் வலி, பூனை மூன்றும் வழக்கம்போல என்னோடு இருக்கின்றன. பூந்தா அரேனாஸில் காற்று கொஞ்சமாவது அடங்கியிருக்கிறதா? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஒரு காகிதம் எடுக்கக்கூட நேரமில்லாமல் அந்த விடுதிக்காரர்களுக்கு அப்படி என்னதான் சமைத்துப் போடுகிறாய்?

உருளைக்கிழங்கு எடுத்தாயிற்று. உன் வயலில் போட்டது நன்றாக வந்திருக்கிறது. ஒரு மூட்டை உனக்காகக் கட்டிவைத்திருக்கிறேன். தெற்கே போகிற படகு கிடைத்தால் அனுப்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் மூன்று கால் வைத்த கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உன் வயலின் நாலு மூலையிலும் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். நனைகிறானே பாவம் என்று உள்ளே கூப்பிட்டுச் சூடாக ஒரு கோப்பை கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொல்கிறான்:

"அம்மா, இந்த வீடு பக்கத்து நிலத்துக்குள்ள நாலு மீட்டர் போயிருக்கு."

"எந்தப் பக்கத்து நிலம்?"

"ஒதிலியா மான்சில்யா பேர்ல இருக்கிற நிலம்."

"அது என் நாத்தனாருப்பா."

"இருக்கட்டும்மா. எல்லைக்கோடு நாத்தனார், கொழுந்தனாரெல்லாம் பாக்காது."

கோடு சரியாக என் அடுப்படி வாசல்படியில் போகிறதாம். சாப்பாட்டு மேஜை என் நிலத்தில் இருக்கிறது, அடுப்பு உன் நிலத்தில் எரிகிறது. இத்தனை வருஷமாக உன் நிலத்தில் ரொட்டி சுட்டு என் நிலத்தில் தின்றிருக்கிறேன், பார்த்துக்கொள்.

போகும்போது சுவர் ஓரமாகச் சிவப்பு மை பூசிய குச்சி ஒன்றை அடித்துவிட்டுப் போனான். நான் அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது.

இந்த ஆளை அனுப்பியது நீயா? இல்லையென்றால் ஒரு வரி எழுது, அடுத்த முறை நாயை அவிழ்த்துவிடுகிறேன். ஆமென்றாலும் ஒரு வரி எழுது.

பாசத்துடன்,
எர்மெலிந்தா


பூந்தா அரேனாஸ்
2 ஏப்ரல் 1994

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம். உங்கள் முழங்காலுக்குக் கம்பளித் துணி அனுப்புகிறேன், கட்டிக்கொள்ளுங்கள்.

ஆள் அனுப்பியது நான்தான். நேரில் சொல்லத் தைரியம் இல்லை, எழுதவும் கை வரவில்லை. வயலை விற்கப் போகிறேன், அண்ணி. சாந்தியாகோவிலிருந்து ஒருவர் கேட்கிறார். கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்குக் குடில்கள் கட்டுவாராம். எல்லை சுத்தமாக இருந்தால்தான் கையெழுத்து என்கிறார்.

நான் எப்படி வாழ்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு அறை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒற்றை கேஸ் அடுப்பு. வீட்டுக்காரி வெங்காய வாசனை பிடிக்காது என்பாள், நான் வெங்காயம் வதக்க மாட்டேன். பகல் முழுக்க ஊராருக்குச் சமைக்கிறேன், எனக்கென்று ஒரு அடுப்படி இதுவரை இருந்ததில்லை. வயலை விற்றால் இங்கே சின்னதாக ஒரு வீடு வாங்க முடியும். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. இனி எப்போது?

நாலு மீட்டர்தானே, அண்ணி. அந்தப் பகுதியை மட்டும் பிரித்துவிட்டு, அடுப்பை மேஜை இருக்கும் அறைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஆள்கூலிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடமே கேட்டிருப்பேன். இப்போது உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பணிவுடன்,
ஒதிலியா


கோயாம்
20 ஏப்ரல் 1994

அன்புள்ள ஒதிலியா,

கம்பளித் துணி வந்தது. கட்டியிருக்கிறேன். கோபத்தோடுதான் கட்டியிருக்கிறேன், ஆனாலும் இதமாக இருக்கிறது.

வயல் உன்னுடையது, விற்றுக்கொள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்ந்தவள் நீ, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அடுப்படியை அறுக்கச் சொல்லாதே. கோழிக்குக் கழுத்தை மட்டும் வெட்டிக்கொள்கிறேன், மற்றதெல்லாம் உனக்கே என்று சொல்வதுபோல இருக்கிறது நீ சொல்வது. சிலோவேயில் அடுப்படி இல்லாத வீட்டை யாரும் வீடு என்று சொல்வதில்லை, பெட்டி என்பார்கள்.

அந்த வீடு எப்படி அங்கே வந்தது என்று உன் சாந்தியாகோக்காரரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நானே சொல்கிறேன், அவருக்குப் படித்துக் காட்டு.

அறுபதாம் வருஷம் பூமி ஆடிக் கடல் ஏறியபோது கரையில் நின்ற வீடுகளில் தப்பியது எங்களுடையது ஒன்றுதான். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இனி கரையில் தூங்க மாட்டேன் என்று நான் அழுதேன். உன் அண்ணன் அன்செல்மோ வீடு வீடாகப் போய் மிங்காவுக்குக் கெஞ்சினார், கூலியில்லாமல் ஊர் கூடிக் கைகொடுக்கிற வேலை என்று உன் சாந்தியாகோக்காரருக்குச் சொல். ஊரே வந்தது. வீட்டைத் தரையிலிருந்து நெம்பி, அடியில் மரங்களைக் கொடுத்து, காளைகளைப் பூட்டி, உன் வயல் வழியாக மேட்டுக்கு இழுத்தார்கள். பெலார்மினோதான் காளை ஓட்டினான், அப்போது அவன் மீசைகூட முளைக்காத பயல். எங்கள் நிலத்துக்குள் முக்கால் வீடு நுழைந்ததும் முன்ஜோடிக் காளைகள் சதுப்பில் முழங்கால் வரை இறங்கிவிட்டன. அடித்துப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள். ஒரு அடி நகரவில்லை. இருட்டவும் தொடங்கிவிட்டது.

அப்போது உன் அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "விடுங்கடா. இங்கேயே நிக்கட்டும். வால் அந்தப் பக்கம் இருந்தா என்ன, நம்ம நிலம்தானே." அவ்வளவுதான், கள்ளுப் பீப்பாயைத் திறந்துவிட்டார்கள். நான் உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். அடுப்பு மூட்டிய பிறகு வீட்டை நகர்த்துகிற வழக்கம் நம் ஊரில் கிடையாது.

ஆக, இது உன் அப்பா கொடுத்த இடம். நான் திருடவில்லை. கோடு போட்டவன் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்.

உருளை மூட்டையை ஒஸ்வால்தோவின் படகில் ஏற்றிவிட்டேன்.

எர்மெலிந்தா


பூந்தா அரேனாஸ்
15 மே 1994

அண்ணிக்கு,

மூட்டை வந்தது. என் வயலில் விளைந்ததில் எனக்கு ஒரு மூட்டை. நன்றி.

வக்கீல் உர்சுவாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னது சட்டத்தில் நிற்காதாம். பொறுத்துப்போனது பொறுத்துப்போனதுதான், அதனால் உரிமை வந்துவிடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒருவர் நிலத்தின்மேல் எது நிற்கிறதோ அது நிலத்துக்காரருக்கே சேரும். அப்படிப் பார்த்தால் உங்கள் அடுப்படி என்னுடையது.

காஸ்த்ரோ கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. என் பெயரில்தான். கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் காகிதத்தை வைத்திருந்தேன். கோடு தப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இன்னொரு முறை படித்த பிறகுதான் போட்டேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒதிலியா


கோயாம்
9 ஆகஸ்ட் 1994

ஒதிலியா,

கோர்ட்டுக்குப் போய் வந்தேன். நீ வருவாய் என்று உனக்குப் பிடித்த உருளை ரொட்டி சுட்டு எடுத்துப் போயிருந்தேன். நீ வரவில்லை, உன் வக்கீல்தான் வந்திருந்தார். ரொட்டியை நானும் எனக்குச் சர்க்கார் கொடுத்த வக்கீல் பெண்ணும் தின்றோம். சின்னப் பெண், பாவம், என்னைவிட அவள்தான் அதிகம் பயந்தாள். பேச வேண்டியதை நானே பேசிவிட்டேன்.

நீதிபதி வடக்கிலிருந்து வந்தவர், தலையில் ஒரு நரைகூட இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்க வீடு நாலு மீட்டர் உள்ள வந்திருக்கு. ஒத்துக்கிறீங்களா?"

"வீடு வந்துச்சு ஐயா. நான் பின்னால நடந்து வந்தேன்."

"வீடு எப்படிம்மா வரும்?"

"காளை இழுத்தா வரும்."

உன் வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. "கட்டடம்ங்கிறது அசையாச் சொத்தும்மா. சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றார்.

"ஐயா எங்க தீவுப் பக்கம் வந்ததில்லபோல. எங்க ஊர்ல மலையைத் தவிர எல்லாம் அசையும்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்து ஓய்ந்ததும் தீர்ப்பைப் படித்தார். வசந்த காலம் முடிவதற்குள் உன் நிலத்தில் நிற்பதை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் நிற்பது நிற்கிறபடி உனக்குச் சேரும். கோடு சரியாகத்தான் போட்டிருக்கிறார்களாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். கோடு உன்னுடையது.

வெளியே வந்ததும் உன் வக்கீல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நீங்க எதையும் இடிக்க வேண்டாம் என்று இனிக்க இனிக்கப் பேசினார். சாந்தியாகோக்காரர் என் அடுப்படியைப் பார்த்து மயங்கிவிட்டாராம். பழைய மரஓடு, புகை படிந்த உத்தரம், இப்படி ஒன்றைக் காசு கொடுத்தாலும் கட்ட முடியாதாம். கோட்டின்மேல் வாளை வைத்து நேராக அறுத்துவிட்டு, அடுப்படியை அப்படியே விட்டுவிட்டால் போதுமாம். வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிற இடமாக வைத்துக்கொள்வாராம்.

"வக்கீல் ஐயா, உங்க வாளை அதுமேல வைக்கிறதுக்கு முந்தி என்மேல வைங்க" என்றேன்.

ஒதிலியா, இது உனக்குத் தெரிந்துதான் நடக்கிறதா? நான் புகை ஊதி ஊதிக் கண் சிவந்த அடுப்படியில் எவனோ காப்பி குடிப்பானா? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாலும் கொளுத்துவேன், அதை அறுத்துக் கொடுக்க மாட்டேன்.

எர்மெலிந்தா


பூந்தா அரேனாஸ்
30 ஆகஸ்ட் 1994

அண்ணிக்கு,

எனக்குத் தெரிந்துதான் நடக்கிறது. அடுப்படியோடு சேர்த்துத்தான் அவர் வாங்குகிறார். வெறும் புல்வெளி அந்தத் தீவு முழுக்கக் கிடக்கிறது, அதை மட்டும் யார் வாங்குவார்கள் என்கிறார். அடுப்படி இல்லையென்றால் வியாபாரம் இல்லை.

கொளுத்துவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பது உங்களுக்குப் புதிதில்லை. எனக்கும் நம் வீட்டுப் பிடிவாதம் கொஞ்சம் உண்டு. உங்களுக்கு ஒரு மூலை போகிறது, அண்ணி. எனக்கு உலகத்தில் எந்த மூலையும் இல்லை.

வேறு எந்தப் பக்கமும் வீட்டை நகர்த்த முடியாது என்று வக்கீல் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். முன்னால் சதுப்பு. பின்னால் இருப்பது என் வயல், அதில் என் அனுமதி இல்லாமல் ஒரு காளை கால் வைத்தாலும் அத்துமீறல். அதனால் அறுத்துவிடுங்கள். இதை எழுதிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒதிலியா


கோயாம்
2 அக்டோபர் 1994

ஒதிலியா மான்சில்யாவுக்கு,

இது வேறு மாதிரிக் கடிதம். நின்றுகொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் இதை உட்கார்ந்து சொல்லக் கூடாது.

மிங்கா வைக்கப் போகிறேன். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை. வீட்டை முழுசாக இழுக்கப் போகிறேன், அடுப்படி, சன்னல், கூரை எல்லாவற்றோடும். நீதிபதி 'எடுத்துக்கொள்' என்றுதானே எழுதியிருக்கிறார். எடுத்துக்கொள்கிறேன். எப்படி எடுப்பது என்று அவர் எழுதவில்லை.

மூன்று வாரமாக வீடு வீடாகப் போகிறேன். வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு கையில் ஆப்பிள் கள்ளு, ஒரு கையில் சூடான ரொட்டி. வாசலில் நின்று, "ஒரு உதவி கெஞ்ச வந்திருக்கேன், இல்லேன்னு சொல்லிராதீங்க" என்பேன். கெஞ்சப்பட்டவர் இல்லையென்று சொல்வது நம் ஊரில் கிடையாது. பெலார்மினோ இப்போது பேரன் எடுத்துவிட்டான், இந்த முறையும் அவன்தான் காளைகளோடு வருகிறான். போன வருஷம் கோழிக்காக என்னோடு சண்டை போட்ட அவுரிஸ்தேலா குடும்பம்கூட வருகிறது. அவள் வாசலிலும் போய் நின்று கேட்டேன். "கோழி விஷயம் வேற, வீட்டு விஷயம் வேற" என்று கள்ளை வாங்கிக்கொண்டாள்.

மிச்சம் இருப்பது உன் வாசல்தான். அவ்வளவு தூரம் கள்ளும் ரொட்டியும் எடுத்து வர முடியாது. அதனால் காகிதத்தில் கேட்கிறேன். வீடு பின்னோக்கி உன் வயலுக்குள் இறங்கி, ஆராயான் மரங்களைச் சுற்றி, மேற்புறமாக என் நிலத்துக்குள் நுழைய வேண்டும். வேறு வழி இல்லை. உன் வக்கீல் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ஒரு உதவி கெஞ்சுகிறேன், இல்லையென்று சொல்லிவிடாதே. உன் வயல் வழியாக என்னைப் போக விடு. உன் கையையும் கயிற்றில் வை.

கெஞ்சுவதால் தலை குனிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னைத்தான் கெஞ்சுகிறேன், வக்கீலை இல்லை. நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் சனிக்கிழமை காளைகள் வரும். ஜெயிலில் போட்டால் அங்கேயும் அடுப்பு இருக்கும்.

எர்மெலிந்தா


கோயாம்
20 நவம்பர் 1994

என் அன்பான ஒதிலியா,

சாப்பிடாமல் போய்விட்டாயே.

எனக்கு வேறு எதுவும் முதலில் எழுத வரவில்லை. குழியில் சுட்ட சிப்பியும் பன்றிக்கறியும் உருளையும் ஊருக்கே மிஞ்சியது. எல்லார் தட்டிலும் போட்ட பிறகு உன்னைத் தேடினேன். "அவ அப்பவே படகு ஏறிட்டா" என்றார்கள். மிங்காவில் கயிறு பிடித்தவள் சாப்பிடாமல் போனதை இந்த ஊர் பார்த்ததில்லை. என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

நான் முன்பக்கம் காளைகளோடு நின்றேன், நடந்தது பாதிதான் என் காதில் விழுந்தது. மீதியை ஊர் சொல்லிச் சொல்லி எனக்கு இப்போது மனப்பாடம். நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

காலையிலிருந்து தூறல். உன் வயல் கதவில் சங்கிலி போட்டிருந்தது. வக்கீல் உர்சுவா நகரத்துச் சப்பாத்து சேற்றில் புதைய நின்றார். பக்கத்தில் ஒரு போலீஸ் சார்ஜென்ட். வீடு நெம்பி ஏற்றியாயிற்று, காளைகள் பூட்டியாயிற்று, கயிற்றில் ஊர் முழுக்க நிற்கிறது.

"இந்த நிலத்துல ஒரு காளை கால வச்சாலும் கேஸ்" என்றார் வக்கீல்.

"காளை பேர்லயா, என் பேர்லயா?" என்றேன்.

சார்ஜென்ட் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, நிலத்துக்காரங்க சம்மதம் இல்லாம நான் விட முடியாது. என் வேலை போயிரும்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் நான் பெலார்மினோவைப் பார்த்து "ஓட்டு" என்று சொல்லிவிட்டேன். அவன் கோலைத் தூக்கிவிட்டான். அப்போதுதான் படகுத்துறைப் பக்கமிருந்து சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறி வருவதைப் பார்த்தேன். உன்னைச் சத்தியமாக எனக்கு அடையாளம் தெரியவில்லை. நடையைப் பார்த்துத்தான் தெரிந்தது, அப்படியே உன் அண்ணன் நடை.

வக்கீல் ஓடி வந்தாராம். "அம்மா, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? உங்க நிலத்த நான் பாத்துக்கறேன்ல?"

நீ அவரைப் பார்க்கவே இல்லையாம். "என் நிலத்த நான் பாத்துக்கறேன்" என்றாயாம். சார்ஜென்டிடம் போய், "நிலத்துக்காரி நாந்தான். கேட்டாங்க. நான் சரின்னு சொல்றேன். சங்கிலிய அவுத்துவிடுங்க" என்றாயாம். அவர் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

பிறகு நீ கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுப் பின்கயிற்றில் பெண்களோடு நின்று இழுத்தாய். அதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆராயான் மரங்களைச் சுற்றும்போது வீடு ஒருபக்கம் சாய்ந்ததே, அப்போது உன் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. வீடு முழுசாக, என் நிலத்தின் நடுவில், உன் கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. வக்கீல் போன திசை தெரியவில்லை.

ஜெயித்துவிட்டோம், ஒதிலியா. நீயும் நானும் சேர்ந்து. வழக்கு, தீர்ப்பு, நாம் எழுதிக்கொண்ட சூடான வார்த்தைகள் எல்லாம் அந்தச் சேற்றிலேயே போகட்டும். உறவு என்றால் உரசத்தான் செய்யும். கிறிஸ்துமஸுக்கு வா. உன் அண்ணன் படுத்த கட்டிலைத் தட்டிப் போட்டு வைக்கிறேன்.

ஊர் நிலவரம்: அவுரிஸ்தேலா மறுபடியும் கோழிச் சண்டையை ஆரம்பித்துவிட்டாள். மழை விடவில்லை. உன் வயல் சும்மாதானே கிடக்கிறது, புல்லும் இடுப்பு உயரம் நிற்கிறது என்று என் ஆடுகளை அதில் ஓட்டிவிட்டிருக்கிறேன். சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டேன், இனி எதற்கு.

உன்னைக் கட்டிக்கொள்ளும்,
அண்ணி


பூந்தா அரேனாஸ்
11 டிசம்பர் 1994

அண்ணிக்கு,

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு வேண்டாம், இப்போதே எழுந்து போய் ஓட்டிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்றுதான் கேட்கிறீர்கள். இரண்டையும் சொல்கிறேன்.

வீட்டை மேட்டுக்கு இழுத்த அந்த நாளைப்பற்றி எழுதியிருந்தீர்கள். அன்செல்மோ அண்ணன் ஊர் முழுக்கக் கெஞ்சினார் என்று எழுதினீர்கள். உண்மைதான், நான் கூடவே ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு வாசல் விடவில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அம்மா போனாள். போகும்போது, மகளுக்கு ஒன்று வேண்டும் என்று அந்த வயலை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பதினாலு வயது. அண்ணன் எல்லா வாசலிலும் கெஞ்சினார், எந்த வயலில் வீட்டை இழுக்கப் போகிறாரோ அந்த வயல்காரியைக் கேட்கவில்லை. நான் அவர் பக்கத்திலேயே கூடையோடு நின்றேன்.

சதுப்பில் காளைகள் இறங்கியதும் அப்பா "நம்ம நிலம்தானே" என்றார். உங்களுக்கு அது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அது நம்ம நிலம் இல்லை, அண்ணி. என் நிலம். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று எடுத்துக் கொடுத்தார் அப்பா. நீங்கள் உள்ளே போய் அடுப்பை மூட்டினீர்கள். யாராவது ஒருவர் திரும்பி, "ஒதிலியா, இருக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் துள்ளிக் குதித்துச் சரியென்று சொல்லியிருப்பேன். எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும். உங்கள் பின்னல்போலவே நான் பின்னிக்கொள்வேன். இரண்டு வருஷத்தில் என்னை வேலைக்கென்று தெற்கே கப்பலேற்றினீர்கள். அதையும் என்னைக் கேட்கவில்லை.

அதன்பிறகு வருஷாவருஷம் உருளை, புல், விறகு. ஒரு மூட்டை அனுப்பினீர்கள், ஒரு கேள்வி அனுப்பவில்லை.

அக்டோபரில் உங்கள் கடிதம் வந்தது. நின்றுகொண்டு எழுதியதாகச் சொன்னீர்கள். நானும் நின்றுகொண்டுதான் படித்தேன். முப்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக என் நிலத்தை என்னிடம் கேட்டீர்கள். கேட்ட கையோடு, பதில் வந்தாலும் வராவிட்டாலும் இழுப்பேன் என்றும் எழுதினீர்கள். சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நீங்கள். ஆனாலும் கேட்டீர்கள், கேட்டதற்காக வந்தேன். இங்கே வாங்க நினைத்த வீடு கிடைக்காது, சாந்தியாகோக்காரர் போய்விடுவார் என்று தெரிந்தே படகு ஏறினேன். அவரும் போய்விட்டார். வழியெல்லாம் என்னை நானே பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டேன், திரும்ப மட்டும் தோன்றவில்லை. கயிற்றைப் பிடித்தபோது என் உள்ளங்கை தோல் உரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

சாப்பிடாமல் போனதற்குக் காரணம், உங்கள் மேஜையில் உட்கார்ந்தால் கணக்கு முடிந்துவிடும். சாப்பிட்டவள் சமாதானமானவள் என்று ஊர் சொல்லும், நீங்களும் சொல்வீர்கள். நான் சமாதானமாகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் ஜெயித்தீர்கள். அடுத்த வாரமே என் வயலில் ஆடு.

நிலத்தை இனி யாருக்கும் விற்கப்போவதில்லை. விடுதியில் கணக்கை முடித்துக்கொண்டு மார்ச்சில் வருகிறேன். உங்கள் வீட்டில் இறங்க மாட்டேன், பெலார்மினோ வீட்டில் இடம் கேட்டிருக்கிறேன். கட்டிலைத் தட்டிப் போட வேண்டாம். முதலில் வேலி, பிறகு வீடு. ஒரு அறையும் பெரிய அடுப்படியும். நாலு பக்கமும் நன்றாகத் தள்ளி, என் நிலத்தின் நடுவில் கட்டுவேன். முதல்நாள் ஊர் மூக்கைத் துளைக்கிற மாதிரி வெங்காயம் வதக்குவேன்.

வேலியில் ஒரு கதவு வைப்பேன், உங்கள் பக்கமாகத்தான் வைப்பேன். புகை வருவதைப் பார்த்ததும் நேரே உள்ளே நுழைந்துவிடாதீர்கள், உங்கள் சுபாவம் எனக்குத் தெரியும். வெளியே நில்லுங்கள். மழை பெய்தாலும் நில்லுங்கள். "ஒதிலியா, உள்ள வரட்டுமா?" என்று கேளுங்கள்.

"வாங்க அண்ணி" என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கட்டுகிறேன்.

நிலத்துக்காரி,
ஒதிலியா மான்சில்யா